வெண்டலின் கனம்

"இன்னொரு துண்டு போட்டுக்கோ, வெண்டல்."

புருஷன் தட்டில் ஆப்பிள் கேக்கை வைத்தாள் லாவெர்ன். ஏற்கெனவே ரெண்டு பன்னும் இறைச்சிக் குழம்பும் உள்ளே போயிருந்தன.

"அம்மா தாயே, போதும்! அவன் இன்னைக்குப் பறக்கணும்" என்றேன்.

"சாப்பிடுற மனுஷனைக் கண்ணு வைக்காதே."

எங்கள் இண்டியானா சோளக்காட்டு ஓடுதளத்தில் வருஷா வருஷம் ஜைரோக்காரர்கள் கூடுவோம். தலைக்கு மேல் விசிறி, கீழே ஒரு சீட்டு, முதுகுக்குப் பின்னால் இன்ஜின். அவ்வளவுதான் இந்தப் பறக்கும் வண்டி. இதற்கு லைசென்ஸும் வேண்டாம், டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டாம். நாங்களாக வைத்துக்கொண்டது ஒரே சட்டம்தான். ஓட்டுகிறவனை உட்கார வைத்து, விசிறித் தண்டில் கயிறு கட்டி வண்டியைத் தூக்குவோம். மூக்கு ரொம்பத் தாழ்ந்தால் ஆள் கனம் ஜாஸ்தி, பறக்கக் கூடாது.

கூட்டத்தில் முதலில் மேலே போவது எப்போதும் வெண்டல்தான். எழுபத்தாறு வயசிலும் அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டான்.

வெண்டல் ஏறி உட்கார்ந்ததும் எங்கள் கூட்டாளி டாரெல் கயிற்றை இழுத்தான். வண்டி எழும்பியது. மூக்கு தரையைப் பார்த்தது.

"அடேய், பீப்பா மாதிரி ஆயிட்டியேடா! சட்டைக்குள்ள எங்கே ஒளிச்சு வச்சிருக்கே இத்தனையும்?" என்றான் டாரெல்.

"எல்லாம் என் பொண்டாட்டி கைப்பக்குவம்" என்றான் வெண்டல், தொங்கியபடியே.

"அந்த மெத்தையை எடுத்துட்டு இன்னொரு தடவை பார்ப்போமா? தப்பிச்சாலும் தப்பிச்சுடுவே."

சீட்டில் லாவெர்ன் தைத்துக் கொடுத்த புது மெத்தை இருந்தது.

"மெத்தை இல்லாம என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? விடு. அடுத்த வருஷம் இளைச்சுட்டு வரேன்."

சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான். முதல் பறப்பு வேறொருவனுக்குப் போனது. எல்லாருக்கும் லாவெர்ன் மேல்தான் ஆத்திரம்.

"தீனி போட்டே ஆளைத் தரையில உட்கார வச்சுட்டியே!"

"நாக்கு ருசி காட்டி றெக்கையை ஒடிச்சுட்டா மகராசி."

அவள் பாட்டுக்குக் கேக்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டே விட்டேன்.

"அவன் உசிரே இதுலதான் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன். அவன் ஒரு பவுண்டுகூட ஏறலை. மெத்தைக்குள்ள ஈயக்கட்டி வச்சுத் தச்சிருக்கேன்."

"என்னது!"

"கத்தாதே. போன மாசம் வாசல்ல இருக்கிற தபால் பெட்டியைப் பார்த்து 'வாடா டாரெல்'னான். கண்ணு அந்த லட்சணம். டாக்டர்கிட்ட போகலாம்னா சண்டைக்கு வரான். கண்ணு போச்சுன்னு இறக்கினா மனசு ஒடிஞ்சு படுத்துடுவான். உடம்பு ஏறிடுச்சுன்னா சிரிச்சுக்கிட்டே இறங்கிடுவான். கெட்ட பேரு எனக்கு வரட்டும், போ. அவனுக்கு மட்டும் இது தெரியக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வெண்டலைத் தேடிப் போனேன்.

தன் வேன் பக்கம் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தான். அந்த மெத்தையை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான். மூச்சு வாங்கியது.

"குடுடா, நான் தூக்கிட்டு வரேன்."

"வேண்டாம் வேண்டாம்" என்று விலகினான் வெண்டல். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "'என்னடா இவ்வளவு கனம்'னு நீ பாட்டுக்கு அவ காதுல விழற மாதிரி கேட்டுத் தொலைப்பே!"