படுக்கப் போடாத சைக்கிள்

“படுக்கப் போடக் கூடாது. உள்ள நேரா நிக்கணும். வீலக் கழத்தி மாட்டுத சோலியும் ஆகாது” என்றார் காந்திமதிநாதன்.

வண்ணார்பேட்டையில் பழைய வண்டிகள் விற்கும் செந்தூர்பாண்டி, அவர் உருட்டி வந்த சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தார். தலையில் ஹெல்மெட், தொடையை இறுக்கிய கால்சட்டை, முதுகில் ‘பொருநை மிதிவண்டிக் கழகம்’ என்று எழுதிய பச்சைச் சட்டை. அறுபத்திரண்டு வயது வயிற்றை மறைக்க அந்தச் சட்டை எந்த முயற்சியும் எடுத்துக்கொள்ளவில்லை.

“எங்க கொண்டு போணும் அண்ணாச்சி?”

“கோயம்புத்தூர்ல ஒரு போட்டி. அதுவரைக்கும் அலுங்காமப் போகணும்லா.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கோமு அந்தப் பக்கம் திரும்பி இருமினாள்.

முதலில் ஒரு காரின் பின்சீட்டை மடக்கிப் பார்த்தார்கள். ஹேண்டில்பார் கூரையில் இடித்தது. பாதி சைக்கிள் உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்ததை எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

அடுத்தது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. “இதுல ஒம்பது சைக்கிள் நிக்கும்” என்றார் செந்தூர்பாண்டி.

“தொறந்து கெடக்கே. போறவன் வாரவன்லாம் பாப்பான்.”

“பாத்தா என்ன அண்ணாச்சி, சைக்கிள்தான?”

“தூசி விழும்” என்றார் காந்திமதிநாதன் அவசரமாக.

செந்தூர்பாண்டி தலையாட்டிவிட்டு, வேறொரு வண்டியின் சாவி எடுக்க உள்ளே போனார். கோமு குரலைத் தாழ்த்தினாள்.

“அத்தான், பேசாம கழகத்த விட்டு விலகிருங்களேன். மூட்டு தேஞ்சு போச்சுன்னா யாரு என்ன சொல்லப் போறா?”

“அருணாசலம் சொல்லுவாரு.”

அருணாசலம் கழகத்தின் தலைவர். வயது அறுபத்தெட்டு. ஞாயிறுதோறும் உறுப்பினர்கள் அவரவர் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி, ஐம்பது கிலோமீட்டர் மிதித்து, ஏழரை மணிக்குப் பாபநாசம் படித்துறையில் கூடுவார்கள். எல்லோரும் நாக்குத் தள்ளி வந்து சேரும்போது, அருணாசலம் மட்டும் தேய்த்த சட்டை கசங்காமல், நெற்றியில் திருநீறு கலையாமல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்.

போன ஞாயிறு காந்திமதிநாதன் ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தார். அதுவும் கடைசி மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு. அருணாசலம் அதைப் படம் எடுத்து, ‘சைக்கிளுக்குத் துணையாக நடந்து வந்த நண்பர்’ என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பது பேர் சிரிக்கும் பொம்மை அனுப்பினார்கள். அதில் ஒருவர் காந்திமதிநாதனின் சொந்த மருமகன்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கோமுவிடம் திட்டத்தைச் சொன்னார். கோமுதான் வண்டி ஓட்ட வேண்டும். அவரும் சைக்கிளும் பின்னால். பாபநாசத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இறங்கிக்கொண்டு மிச்சத்தை அவர் மிதிப்பார். பக்கத்து வீட்டுக் காரில் சோதித்துப் பார்த்ததில், படுக்கப் போட்ட சைக்கிளை வெளியே உருவப் பதினோரு நிமிடம் ஆனது. செயின் கிரீஸ் முழுவதும் கோமுவின் சேலையில். அதனால்தான் சைக்கிள் நிற்க வேண்டும்.

“உங்க கௌரவத்துக்கு நான் டிரைவர்” என்றாள் கோமு.

“பைய பேசு. வருதாரு.”

செந்தூர்பாண்டி ஒரு மூடிய வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே சீட்டுகள் இல்லை. டேப் வைத்து அளக்காமலே சைக்கிளைத் தூக்கி உள்ளே தள்ளினார். கூரைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நாலு விரற்கடை மிச்சம். மேசை இழுப்பறையிலிருந்து கொக்கி வைத்த நாடா ஒன்றைக் கொண்டுவந்து, சைக்கிளைப் பக்கவாட்டுக் கம்பியோடு இழுத்துக் கட்டினார்.

“வளைவுல கூட சாயாது. ஜன்னலுக்குத் திரையும் போட்டுத் தாரேன்.”

திரை வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்றுதான் காந்திமதிநாதன் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

“கோமு, மணி பாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னார். அவள் திறந்ததும் கொக்கியைக் கழற்றி, சைக்கிளோடு குதித்து, அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“பதினெட்டு செகண்ட்” என்றாள் கோமு. சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன ஞாயிறுக்குப் பிறகு இப்போதுதான் அவர் முகம் தெளிந்திருந்தது.

விலை பேசி முன்பணம் கொடுத்தார்கள். வாசல் வரை வந்து வழியனுப்பினார் செந்தூர்பாண்டி.

“சனிக்கெழம சாயங்காலம் எடுத்துக்கிடலாம். ஞாயித்துக்கெழமதான போட்டி?”

“ஆமா, கோயம்புத்தூர்ல.”

“சரி அண்ணாச்சி.” செந்தூர்பாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். “பாபநாசம் போற வழில விக்கிரமசிங்கபுரம் தாண்டுனா ரோட்டோரமா ஒரு ஆலமரம் வரும். அங்கன மட்டும் வேன நிறுத்தீராதிய.”

கோமு கேட்டாள்.

“ஏன் தம்பி?”

“அது அருணாசலம் அண்ணாச்சி எறங்குத எடம்.”