திட்டாத நாற்பது நாள்

“இன்னொரு தடவை போடு, பாப்போம்” என்றார் பெரியநாயகசாமி, வரப்பில் உட்கார்ந்தபடி.

மோட்டார் கொட்டகைக்குள் நின்றிருந்த அக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு முறை போட்டு இரண்டு முறை நிறுத்தியாயிற்று. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும். சிவப்பை அழுத்தினால் நிற்கும். இதற்கு எத்தனை பாடம்?

கல்யாணமாகி முப்பது வருடத்தில் இந்தக் கொட்டகைப் பக்கம் அவர் அவளை அண்டவிட்டதில்லை. நாளைக்கு ஈஸ்டர். வீடு கழுவ வேண்டும், பலகாரம் சுட வேண்டும். இன்றைக்குத்தானா பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

‘மரமண்டை’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

இன்னும் ஆறு மணி நேரம்தான். ராத்திரி பதினோரு மணிக்குப் பூசை. பெரிய வியாழனிலிருந்து ஊமையாகக் கிடக்கும் கோயில் மணி அப்போது அடிக்கும். அது வாய் திறந்தால் அவளும் திறந்துகொள்ளலாம்.

எல்லாம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் வந்த வினை. வருடா வருடம் சொல்கிற அதே பாவம்தான்: வீட்டுக்காரரைத் திட்டுகிறேன், சாமி. இந்தத் தவக்காலத்துக்கும் கறி, மீனை விட்டுவிடுகிறேன் என்றாள்.

“கறிய விடறது சுலபம்மா. வாயக் கட்டிப் பாருங்க. நாப்பது நாள் அவர ஒரு சொல் சொல்லாதீங்க” என்றார் பங்குச்சாமியார். “யார்கிட்டயும் சொல்லிக்கவும் கூடாது. வெளியில சொல்லிட்டா அது ஒறுத்தல் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்பதில் சேராது. அன்று மட்டும் திட்டிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தாள். வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

அன்றிலிருந்து பெரியநாயகசாமி அவளைச் சோதிக்கவென்றே பிறந்தவர்போல நடந்துகொண்டார்.

தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார். பார்த்துப் பார்த்துச் செய்த மொச்சைக் குழம்பை முகர்ந்துவிட்டுத் தள்ளினார். அவள் எடுத்துப்போய் மாட்டுக்குக் கொட்டினாள். வாயைக் கட்டினாள்.

உளுந்து பிடுங்குகிற வாரம் முழுக்கக் கட்டிலில் கிடந்தார். ஆள் கூப்பிட்டது, வெயிலில் நின்றது, அடித்து மூட்டை கட்டியது, எல்லாம் அவள். “நான் இல்லாட்டியும் நடக்குது பாரு” என்று பாராட்டு வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குக் கிளம்பியவளை நிறுத்தி, பத்திரம், பட்டா எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். எது எந்த வயலுக்கு என்று ஒப்பிக்கச் சொன்னார். தப்பாகச் சொன்னதை மறுபடியும் சொல்லச் சொன்னார். அவள் கோயிலுக்குள் நுழைந்தபோது, சிலுவை சுமந்த ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்திருந்தார். தான் ஒரு முறையும் விழவில்லையே என்று அக்னஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

சென்னையிலிருந்து மகள் லின்சி போனில் கேட்டாள். “அப்பாகிட்ட என்னம்மா இவ்ளோ மரியாத? உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

கடைசியாக அவரை வாயாரத் திட்டியது அக்னஸுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தவக்காலம் தொடங்கப் பத்து நாள் இருக்கும். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கவென்று தஞ்சாவூர் பஸ் ஏறினார். நன்னிலம் கடைத்தெருவில் கிடைக்காத சாமான். பொழுது சாய்ந்து வெறுங்கையோடு வந்து, கடை மூடியிருந்தது என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனார். மறுபடியும் வெறுங்கை. மரமண்டை, ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகத் தெரியாதா என்று தெரு கேட்கக் கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே கால் கழுவப் போனார்.

அந்தத் திட்டின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது.

“போடுன்னு சொன்னேனே” என்றார் வரப்பிலிருந்து.

அழுத்தினாள். பொத்தானை அல்ல, அவர் நெற்றியை அழுத்துவதுபோல. மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு முறை கனைத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது.

வெளியே வந்தாள். முப்பத்தொன்பது நாள் பழகிய இனிப்பெல்லாம் குரலில் வந்து சேர்ந்தது.

“போதுமாங்க? இன்னும் ஒரு தடவ போடட்டுமா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றுதான் அவள் நினைத்தாள். முகத்திலிருந்து துண்டை எடுக்காமலே பேசினார்.

“உங்கிட்ட யாரு சொன்னா, அக்னஸ்?”

“என்னத்த?”

“நாப்பது நாளா ஒரு மரமண்ட கூட இல்ல. சோத்த மிச்சம் வச்சேன், படுத்தே கெடந்தேன், ஒரு வார்த்த கேக்கல நீ. சாம்பல் புதன் அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, ஒனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு. நீயாப் பேச்ச எடுப்பேன்னு இருந்தேன். நீ எடுக்கல. சரி, சொல்லிக்குடுக்க வேண்டியதயாவது சொல்லிக்குடுப்போம்னு...”

துண்டை மடித்து மடியில் வைத்தார்.

“தஞ்சாவூர் டாக்டரு போன் பண்ணாரா? இல்ல, அந்த ஸ்கேன் எடுத்த பொண்ணா?”

அக்னஸ் அவர் கழுத்தைப் பார்த்தாள். சட்டைக் காலர் எப்போது இவ்வளவு பெரிதானது?

தொட்டி நிரம்பித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. பருத்திப் பாத்தியை நோக்கிப் போனது. மோட்டாரை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை.

கோயில் மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

“மரமண்ட” என்றாள் அக்னஸ்.