வெள்ளத்துக்குப் பின் கொட்டகை

மந்தை ஓட்டும் இனத்து நாய் ரூபி. பிள்ளைகளை மூலையில் மடக்குகிறது என்று இரண்டு வீடுகள் திருப்பி அனுப்பிவிட்டன. சுங்கை பஞ்சாங் கிராமத்துச் செல்லையாவும் மறுத்தால், கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தரும் விவியனுக்கு அதை விட வேறு இடமில்லை.

“கறுப்பி முதக்கொண்டு என் மாடெல்லாம் வெள்ளத்துல போச்சும்மா. இது எதை ஓட்டும்? என்னையா?”

“காவலுக்கு வச்சிக்குங்க அங்கிள். பாவம் லா.”

அவிழ்த்துவிட்டதும் ரூபி செம்பனை மரங்களுக்குள் பாய்ந்தது. சற்று நேரத்தில் உடலைத் தாழ்த்தி, இடமும் வலமும் வளைந்தோடி, எதையோ ஓட்டி வந்தது. அதன் முன்னே எதுவும் இல்லை. புல் மட்டும் அகலமாகச் சாய்ந்தபடி கொட்டகையை நோக்கி வந்தது.

செல்லையா தொப்பியைக் கழற்றினார். காலிக் கொட்டகையின் கதவை அகலத் திறந்தார்.

“நாய் இங்கயே இருக்கட்டும்,” என்றார் தணிந்த குரலில். “நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. புது ஆளுன்னா கறுப்பி உதைப்பா.”