கியாசுதீனின் துக்கம்

மறைந்த மனைவியை நினைத்து எழுத்தாளர் கியாசுதீன் பத்திரிகையில் வாராவாரம் உருகி எழுதியதைப் படித்து, கஜபதியும் உருகிப்போனார். காய்ச்சலில் கிடந்த தன் சம்சாரத்தை அப்படியே விட்டுவிட்டு, எழுத்தாளருக்கு ஆறுதல் சொல்லச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

பெண்கள் அந்நியர் முன் வராத கோஷா வீடு. வாசல் திரைக்குப் பின்னாலிருந்து பெண்குரல் கேட்டது. எழுத்தாளரின் தங்கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“அவர் சந்தைக்குப் போய்கீறாரு. இன்னா விசயம்?”

“பொண்டாட்டி போன துக்கத்த இன்னாமா எழுதறாரு. தங்கமான மனுசன்மா.”

“பேருதான் அவருது. எழுதறது அவரு சம்சாரம், நான்தான். பொம்பள பேர்ல அனுப்பினா திரும்பி வந்துடுது.”

கஜபதி விழித்தார். “அப்போ, செத்துப்போன அந்த அம்மா?”

“அதுவும் நான்தான். உசுரோட கீற பொண்டாட்டிக்காக எந்த ஆம்பள இப்படி உருகுவாரு, நீங்களே சொல்லுங்க.”