முன்சக்கரம்

“யோவ் ஆதிகேசவா! எம் பொண்ணு சைக்கிள் டயருக்குள்ள எதுக்குய்யா ஸ்பாஞ்ச வெச்ச? என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

லோடு ஆட்டோவைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார் ஜெபசிங். கிருத்திகைக் கூட்டம் வேறு. மலைக்கோயிலுக்குப் போகும் பஸ்கள் பின்னால் நின்று ஹாரன் அடித்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய மகள் ப்ளெஸ்ஸி ஆட்டோவிலிருந்து தன் சைக்கிளை இறக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சைக்கிள் கடை ஆதிகேசவனுக்கும் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். ஸ்பேனரை ‘டங்’ என்று கீழே போட்டார்.

“பொண்ணு ஜெயிச்சிருக்குது. ஸ்வீட்டு வாங்கினு வருவேன்னு பாத்தா சண்டைக்கு வர்றியேண்ணா!”

“இன்னா பெரிய ஜெயிப்பு? சர்ச்சுல அல்லாரும் கேக்கறாங்க, காத்தே இல்லாத சைக்கிளு எப்பிடி ஓடுச்சுன்னு. மானம் போவுதுய்யா!”

கடந்த சனிக்கிழமை கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் குன்றில் மாவட்டங்களுக்கு இடையே போட்டி. பாறைச் சரிவில் மேலிருந்து கீழே சைக்கிளில் இறங்க வேண்டும். போன இரண்டு போட்டிகளிலும் பாதி வழியில் காற்று இறங்கி, அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ப்ளெஸ்ஸி. இந்தத் தடவையும் முன்சக்கரத்தில் காற்று போனது. ஆனால் அவள் நிற்கவில்லை. சென்னைப் பெண்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் வந்தாள். வரும் சனிக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. அதில் தேறிவிட்டால் ஒரு வருடம் ஊட்டியில் பயிற்சி.

“அது ஏமாத்து வேல இல்லண்ணா,” என்றார் ஆதிகேசவன். “ஃபோமுல செஞ்ச வளையம். டயருக்குள்ள ரிம்மச் சுத்தி ஒக்காந்துக்கும். காத்து போனாலும் டயரு கழண்டுக்காது. பாறையில இடிச்சாலும் ரிம்மு நெளியாது. பெரிய பெரிய போட்டியிலயே போட்டுகினுதான் ஓட்றாங்க. நடத்துனவங்களும் பாத்துட்டு சரின்னுட்டாங்க.”

“அவங்க சொன்னா ஆச்சா? நாங்க கர்த்தருக்குப் பயந்த குடும்பம். இப்பிடி ஒரு ஜெயிப்பு எங்களுக்கு வாணாம். நீ எங்கூட வா. தப்பு பண்ணிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லு. இவ பேர அடிச்சிடட்டும்!”

ஆதிகேசவனுக்குச் சுருக்கென்றது. மகள் ஜெயித்ததை ரத்து செய்யச் சொல்லி அலையும் தகப்பனை அவர் இப்போதுதான் பார்க்கிறார். நேர்மை வேண்டியதுதான், அதற்காக இப்படியா? “நைனாகிட்ட மட்டும் சொல்லாதீங்கண்ணா” என்று ஃபோம் போட்ட அன்று ப்ளெஸ்ஸி கெஞ்சியது ஏன் என்று இப்போது அவருக்குப் புரிந்தது.

“நான் வரமாட்டேன். நீ கோவப்பட வேண்டிய ஆளே வேற. காத்து எப்பிடிப் போச்சுன்னு கேட்டியா?”

“முள்ளு ஏதாச்சும் குத்தியிருக்கும்.”

“முள்ளும் இல்ல, கல்லும் இல்ல. நானே முறுக்கி வெச்ச வால்வு லூசா இருந்துச்சு. காத்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கட்டும்னு எவனோ கையால திருவி வுட்டிருக்கான். போட்டிக்கு மொத நாளு நீதான சைக்கிளத் தொடச்சு எண்ண போட்ட? அப்ப எப்பிடி இருந்துச்சு?”

“அப்ப சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்போ அந்த சென்னை டீமு ஆளுங்கதான். அவனுங்க வேலதான் இது!”

“தானாவே லூசாயிருக்கும், வுடுய்யா.”

“எப்பிடிண்ணா வுடறது? அந்த ஃபோமு மட்டும் இல்லாங்காட்டி, சரிவுல டயரு கழண்டு பொண்ணு தலைகுப்புறப் பாறையில வுழுந்திருக்கும். பொணமாத்தான் தூக்கினு வந்திருப்போம். திருவி வுட்டவன் மட்டும் எங்கையில கெடச்சான், வகுந்துடுவேன்!”

ஜெபசிங் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பெற்ற மனம் பதறத்தானே செய்யும் என்று ஆதிகேசவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்காமல் எழுந்துகொண்டார் ஜெபசிங்.

“அதுக்குத்தான் சைக்கிளே வாணாம்னு தலையால அடிச்சுக்கறேன்! தாயில்லாப் பொண்ண வளத்து ஊட்டிக்கு அனுப்பிட்டு நான் ஒண்டியா செவுத்தப் பாத்துகினு கெடக்கணுமா? கழட்டிப் போடு அந்த ஸ்பாஞ்ச!”

அதற்குள் ஒரு பஸ் டிரைவர் இறங்கியே வந்து கத்தத் தொடங்கிவிட்டார். பதிலுக்குக் கத்திக்கொண்டே ஜெபசிங் ஆட்டோவை ஓரம் கட்டப் போனார்.

“உங்கப்பா பேசறத மனசுல வெச்சுக்காதம்மா,” என்றார் ஆதிகேசவன். “இன்னா பண்ணலாம், நீயே சொல்லு. கழட்டிடவா?”

ப்ளெஸ்ஸியின் கை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. முகம் சிவந்து கிடந்தது. “கழட்டாதீங்கண்ணா. பின்சக்கரத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க.”

“அவ்ளோ பயமா இருந்தா, சனிக்கிழம வரைக்கும் சைக்கிளு இங்கயே இருக்கட்டும்மா. உள்ள வெச்சுப் பூட்டிடறேன். எந்த சென்னைக்காரன் வந்து கை வெக்கறான்னு பாத்துடலாம்.”

“வாணாண்ணா.” ப்ளெஸ்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். டிரைவரைத் திட்டியபடியே ஜெபசிங் திரும்பி வந்துகொண்டிருந்தார். “இங்க பூட்டி வெச்சா, திருவி வுட்டது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எங்க நைனாவுக்குத் தெரிஞ்சிடும்.”