கதாநாயகியின் பதினொரு வரிகள்

கேமராவைத் தயார் செய்துவிட்டுத் திரும்பினால், சித்தி என் பேனாவை எடுத்துக் கதாநாயகியின் பதினொரு வரி வசனத்தையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பகீரென்றது. நாளைக் காலை பத்து மணிக்குப் படத்தைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் போச்சு.

என் கதாநாயகி முதல் வரைவில் நான்கு பேரை அடித்தாள். இரண்டாவதில் பைக்கில் வந்து அடித்தாள். மூன்றாவதில் யாரையும் அடிக்காமல், தன்னை மதிக்காத முதலாளியின் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டுப் பதினொரு வரி முழங்கினாள். ‘இவள் வலுவானவள் இல்லை, சத்தமானவள்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருந்தார் பேராசிரியர்.

நடிக்க வேண்டிய தோழிக்குக் காய்ச்சல். அதனால்தான் சித்தி.

இடமும் அவள் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் சரக்கு அலுவலகம்தான். ஞாயிற்றுக்கிழமை இலவசமாகத் தர அவளுடைய முதலாளி ஒரே நிபந்தனை போட்டார். முதலாளி வேடம் தனக்குத்தான்.

மனிதர் காலையிலிருந்து நான்கு முறை தலை சீவிவிட்டார். நடுவில், விடுமுறை என்றும் பாராமல், சித்தியை இரண்டு கடிதம் டைப் அடிக்க வைத்தார்.

வசனம் போய்விட்டதே என்று நான் அழாத குறை. சித்தி பேனாவை மூடிக் கொடுத்தாள்.

“இவ்வளவு பேசுறவ வேலையை விட மாட்டாடி. விடணும்னு முடிவு பண்ணினவ பேச மாட்டா.”

ஆக்‌ஷன் சொன்னேன்.

சித்தி உள்ளே வந்தாள். கடித உறையை வீசவில்லை, மேசையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். அவ்வளவுதான்.

கதைப்படி அவர் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும். கிழிக்கவில்லை. நாங்கள் உறைக்குள் வைத்தது வெற்றுத் தாள். மனிதர் அதை வரி வரியாகப் படித்தார். முகம் வெளிறியது. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

இந்த மனுஷருக்குள் இப்படி ஒரு நடிகரா என்று வாயைப் பிளந்தேன்.

சித்தி திரும்பி நடந்தாள். கட் சொல்லவே மறந்து, வாசல் வரை அவள் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தெருவில் இறங்கியதும் சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, அப்படி ஒரு சிரிப்பு. ஒலிப்பதிவு செய்த இன்னொரு தோழி விசிலடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சித்தியைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. அவள் முகத்துக்கு ஒரு க்ளோசப் வேண்டும், இன்னொரு டேக் போகலாமா என்று கேட்டேன்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நிஜ ராஜினாமாவை ஒரு தடவைதான்டி குடுக்க முடியும்.”