ஹென்றி தார்ன்பெக்கின் வம்சம்

கல்லறைத் திருநாள் மாலையில், போத்தனூர் கல்லறைத் தோட்டத்தில் டோரின் தார்ன்பெக் ஹென்றி தார்ன்பெக் என்று பொறித்த ஒரு பழைய கல்லின் முன் மண்டியிட்டாள். சிறுமியாக அம்மாவோடு இங்கே வந்தபோது விரலில் சொட்டிய மெழுகின் சூடு அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. பெர்த்திலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் கிளைவ், பக்கத்தில் நின்று வம்சாவளி வரைந்த ஒரு காகிதச் சுருளை விரித்தான்.

"தார்ன்பெக்ங்கறது இங்கிலாந்துல ஒரு ஓடைக்கரை ஊரோட பேரு, ஆன்ட்டி. ஐந்நூறு வருஷத்து வம்சம். ஆனா இந்த ஹென்றி பத்தொன்பது வயசுல, கல்யாணமே ஆகாம செத்துட்டார். நாம அவர் வம்சமே இல்ல."

"தெரியுமே," என்றாள் டோரின். "என் தாத்தாவோட அம்மா சவேரியம்மா அவருக்குச் சமைச்சுப் போட்டவ. காலரால அவர் போனதுக்கப்புறம், ரெண்டு வருஷம் இந்தக் கல்லு மட்டும் இருட்டா கிடந்துச்சாம். சொந்தக்காரங்கதான் மெழுகுவத்தி ஏத்தணும்னு அப்ப வழக்கம். அதனால தனக்குப் பொறந்த பையனுக்கு தார்ன்பெக்னு அவர் பேரையே வெச்சுட்டா."

கிளைவ் சுருளைப் பார்த்தான். ஹென்றியின் பெயருக்குக் கீழே கோடு எதுவும் இல்லை.

சுற்றிலும் எல்லாக் கல்லிலும் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. டோரின் உரசிய இரண்டு தீக்குச்சிகள் காற்றில் அணைந்துபோயின. மூன்றாவதை உரசாமல், பெட்டியோடு அவனிடம் நீட்டினாள்.